யாழ்ப்பாணத்தின் வடிகால் கான்களைத் திருத்தக் காசு எங்கிருந்து வரவேண்டும்?

யாழ்ப்பாண மாநகரசபையின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். அதன்மேல் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சேருவது 20 இலட்சம் கனமீற்றர் தண்ணீர். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது 24 மணித்தியாலத்தில் 390 மில்லிமீற்றர் அளவில் பெய்தது. அந்தக் கணக்குக்கு 78 இலட்சம் கனமீற்றர். இதில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள் இறங்கும், ஒரு பங்கு குளங்களில் நிற்கும், மிச்சம் கான்கள் வழியாகக் கடல்நீரேரிக்குப் போய்ச் சேரவேண்டும். நகருக்குள் ஆறு இல்லை. தரை தட்டை. கடல்நீரேரி மட்டம் உயர்ந்திருக்கும் நாளில், கான் எவ்வளவு நல்லாக இருந்தாலும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அப்படியிருக்க, கான் மண்ணும் பிளாஸ்ரிக் போத்தலும் நிறைந்து, மதகு இடிந்து, வாய்க்கால் மேல் யாரோ மதில் கட்டியிருந்தால் என்ன நடக்கும் என்பதை நாவாந்துறை, பொம்மைவெளி, காக்கைதீவுச் சனம் ஒவ்வொரு மாரியும் அனுபவிக்கிறது.

2020இல் புரவிப் புயல், 2024 நவம்பரில் பெருமழை, 2025 நவம்பரில் டித்வா புயல். இடைவெளி குறைந்துகொண்டு வருகிறது. 2024 வெள்ளம் வடிந்த கையோடு டிசம்பரில் யாழ். மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. நகரில் கழிவுநீர்க் குழாய் வலையமைப்புக் கிடையாது, வீட்டுக்கு வீடு மலக்குழிதான். வெள்ளம் ஏறினால் அந்தக் குழியும் கிணறும் ஒரே தண்ணீராகிவிடும். ஆகவே கான் திருத்துவது வீதி அழகுக்கான வேலை இல்லை, குடிதண்ணீரையும் உயிரையும் காக்கிற வேலை. அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. கூட்டங்களில் கடைசியில் வந்து நிற்கும் சொல் ஒன்றுதான்: நிதி இல்லை.

நிதிக்கு வழிகள் இருக்கின்றன. கொழும்பிலிருந்தோ மாகாணத்திலிருந்தோ வரும் ஒதுக்கீடு, உலக வங்கி போன்ற இடங்களின் கடன், சபையின் சொந்த வருமானம், உள்நாட்டுச் சிறு கடன், புலம்பெயர்ந்த உறவுகளின் கொடை. இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த வேலைக்கு எது என்று கேட்கவேண்டும். ஏனென்றால் காசு வரும் வழி, செய்யப்படும் வேலையையும் தீர்மானிக்கிறது. வெளிநாட்டுக் கடன் நீளமான கொங்கிரீட் கானாக மாறும். கொடை, பெயர்ப்பலகை வைக்கக்கூடிய குளக்கரையாக மாறும். அரச ஒதுக்கீடு, டிசம்பர் 31க்குள் செலவு காட்டக்கூடிய எதுவாகவும் மாறும். ஆனால் இந்த நகருக்கு மிகவும் தேவையான வேலை இந்த மூன்றிலும் சேராதது. ஆண்டுதோறும் மாரிக்கு முன்னர் மண் அள்ளுவது, மதகு திறப்பது, கான் கடலோடு சேரும் கடல்வாயைத் துப்புரவாக்குவது. அதற்கு ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் வரும் காசு வேண்டும்.

அரச ஒதுக்கீடு

முதலில் எல்லோரும் பார்ப்பது இதைத்தான். திருப்பிக் கட்டத் தேவையில்லை, சபைக்குச் சுமை இல்லை. மாகாணத்துக்கு வரும் பி.எஸ்.டி.ஜி. எனப்படும் அபிவிருத்தி நன்கொடை நிதி, அமைச்சுகளின் ஒதுக்கீடு, பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊடாக வருவது எனப் பல பெயர். இதன் குறை தொகையில் மட்டும் இல்லை, நாட்காட்டியிலும் இருக்கிறது.

நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பாதீடு டிசம்பரில் நிறைவேறும். பிறகு திட்டம் கேட்பார்கள், மதிப்பீடு போகும், அங்கீகாரம் வரும், விலைமனு கோரப்படும், ஒப்பந்தம் கையெழுத்தாகும். ஒப்பந்தக்காரர் இயந்திரத்தை இறக்கும்போது புரட்டாதி, ஐப்பசி ஆகிவிடும். அப்போது வானம் இருண்டுகொண்டிருக்கும். வடக்குக்கு மழை பெரும்பாலும் ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரைதான். கான் வேலைக்கு உகந்த காலம் மாசியிலிருந்து ஆவணி வரை. அந்த மாதங்களில் காசு கடிதத்தில் இருக்கும், கையில் இராது. செலவழியாதது ஆண்டு முடிவில் திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்பதால், கொட்டும் மழையில் தண்ணீர் நிற்கும் குழிக்குள் கொங்கிரீட் போடுகிற அவசரமும் வருகிறது. அப்படிப் போட்ட கான் எத்தனை மாரி தாங்கும்?

வெள்ளம் வந்த பிறகு வரும் அரச காசு வேறு வகை. டித்வாவுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபா என்று அறிவித்தார்கள். வெள்ளத்தில் இருந்த குடும்பத்துக்கு அது வேண்டிய உதவி, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். ஒரு தாழ்ந்த பகுதியில் 200 வீட்டுக்கு அந்தத் தொகை கொடுத்தால் 50 இலட்சம் ரூபா. அதே பகுதியின் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்காலைத் தூர்வாருவதற்கு ஆண்டின் தொடக்கத்தில் 50 இலட்சம் கேட்டால் கிடைக்குமா? நிவாரணத்துக்குத் திறக்கும் கை, தடுப்பு வேலைக்கு அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை.

இன்னொன்று. மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை தெரிவான உறுப்பினர் இன்றி ஆணையாளர், செயலாளர்களின் கையில் இருந்தன. ஒதுக்கீட்டுக்காக மேலே போய் வாதாட ஆள் வேண்டும். ஆள் இல்லாத ஆண்டுகளில் ஒதுக்கீடும் மெலியும். ஒதுக்கீடு வந்தால் எடுப்போம், நல்லாகச் செலவழிப்போம். அதை நம்பி மட்டும் அடுத்த மாரியை எதிர்கொள்ள முடியாது.

பெரிய வெளிநாட்டுக் கடன்

உலக வங்கி, கண்டிக்கும் காலிக்கும் தொடங்கிய மூலோபாய நகர அபிவிருத்தித் திட்டத்தை 2016இல் யாழ்ப்பாணத்துக்கும் விரித்தது. அதற்கான தொகை 55 மில்லியன் டொலர். வீதி, பொது இடங்கள் ஆகியவற்றோடு வடிகால் சீரமைப்பும் அதில் அடக்கம். இன்று டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று வைத்துப் பார்த்தால் 1,650 கோடி ரூபா. எந்த உள்ளூர் வருமானமும் இந்தத் தொகைக்குக் கிட்டப் போகாது. முழு நகரின் மட்டங்களை அளந்து, பிரதான வாய்க்கால்களின் அகலத்தையும் சரிவையும் புதிதாகக் கணக்கிட்டு, கடல்வாய்களை மீளக் கட்டுவதென்றால் இப்படியான கடன் இல்லாமல் நடக்காது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடனாளி மத்திய அரசு. ஆகையால் மாநகரசபைக்கு அது இலவசம் போலத் தோன்றும். ஆனால் கட்டி முடித்த அடுத்த நாளிலிருந்து பராமரிப்பு சபையின் தலையில். கடன் ஒப்பந்தத்தில் பராமரிப்புக்கு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம், அந்த வரிக்குப் பின்னால் ஆண்டுதோறும் காசு வருவதில்லை. புதுக் கொங்கிரீட் கான் ஆழமானது, மூடியுள்ளது. அதைத் துப்புரவாக்குவது பழைய திறந்த வாய்க்காலை விடக் கடினம், செலவும் கூட. சென்னையைப் பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கி, உலக வங்கி, ஜேர்மனியின் அபிவிருத்தி வங்கி என்று பெரிய கடன்களில் மழைநீர் வடிகால்கள் கட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரின் பெரும் பகுதி மறுபடி தண்ணீரில் நின்றது. கட்டியது வீண் என்று சொல்லவில்லை. கட்டினால் மட்டும் போதாது என்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய ஒரு கவலையும் இருக்கிறது. எங்களுடைய நன்னீர், சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் ஒரு படலம். மழைதான் அதற்கு ஒரே வரவு. வடிகால் பொறியியலாளர் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தால், விழுந்த நீரை எவ்வளவு வேகமாகக் கடலுக்கு அனுப்பலாம் என்றே அவர் கணக்குப் போடுவார். அது அவருடைய தொழில். ஆனால் மாரியில் முழுவதையும் கடலுக்கு விட்டுவிட்டு, ஆனி ஆடியில் உப்புத் தண்ணீர் அள்ளுவது எங்கள் பிழைப்பாகிவிடும். பழைய ஏற்பாட்டில் மழைநீர் முதலில் குளத்துக்குப் போகும், குளம் நிறைந்தால் வாய்க்கால் வழியாக அடுத்த குளத்துக்கு வழியும், மிஞ்சியதுதான் கடலுக்கு. புல்லுக்குளம், ஆரியகுளம், நாயன்மார்க்கட்டுக் குளம், நல்லூர் யமுனா ஏரி எல்லாம் நிலம் தண்ணீர் குடிக்கும் வாய்கள். கிலோமீற்றர் கணக்கில் கொங்கிரீட் போடுவதை அளவுகோலாக வைக்கும் கடன் திட்டத்தில் இந்தக் குளங்கள் ஓரத்துக்குத் தள்ளப்படும். கடன் எடுப்பதென்றால், குளத்தில் எவ்வளவு நீர் நிறுத்தப்பட்டது என்பதும் அந்தத் திட்டத்தின் அளவுகோலாக ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும்.

காலமும் சாதகமாக இல்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சிலிருந்து சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்துக்குள் இருக்கிறோம். டித்வா ஏற்படுத்திய நேரடிச் சேதத்தை உலக வங்கி 4.1 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டது. மலையகத்தில் மண்சரிவில் வீடும் ஆட்களும் போன ஊர்களுக்கு முதலில் காசு போகவேண்டும், அதுதான் நியாயம். யாழ்ப்பாணத்தின் முறை வர ஆண்டுகள் ஆகலாம். அதுவரை கானில் மண் சேராமல் இருக்காது.

சொந்தக் காசு: சோலைவரியும் தனிக் கட்டணமும்

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி இதுதான், அதிகம் பேசப்படாததும் இதுதான்.

வீட்டுக்கும் கடைக்கும் சபை அறவிடும் சோலைவரி என்றால் முகம் சுளிப்பவர்கள் பலர். கட்டுகிறோம், என்ன கிடைக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டிய வரி சபையின் பொதுக் கணக்கில் விழுகிறது, அதிலிருந்து எல்லாச் செலவும் போகிறது, எந்த ரூபா எந்தக் கானுக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. மதிப்பீடும் பழையது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விலைமதிப்புத் திணைக்களம் மறுமதிப்பீடு செய்யவேண்டும் என்பது ஏற்பாடு, நாட்டின் பல சபைகளில் அது பின்தள்ளியே போகிறது. ஒரு மாடி வீடாக மதிப்பிடப்பட்ட இடத்தில் நாலு மாடிக் கடைத்தொகுதி நிற்கலாம், வரி பழைய ஒரு மாடிக்கே போகும்.

நான் பரிந்துரைப்பது சோலைவரியைக் கண்மூடித்தனமாகக் கூட்டுவதை அல்ல. வடிகாலுக்கென்று தனிக் கட்டணம், தனி வங்கிக் கணக்கு. அதிலிருந்து வேறு எந்தச் செலவுக்கும் எடுக்கக்கூடாது. ஜேர்மனியில் சொந்த வீடு வைத்திருக்கும் உறவினர் யாரும் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அங்கே பல நகரங்களில் மழைநீருக்குத் தனியாகக் கட்டணம் உண்டு. வளவில் எவ்வளவு இடம் கூரையாலும் சீமெந்தாலும் மூடப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துத் தொகை. மண்ணாக விட்டால் குறைவு, மூடினால் கூட. இது எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும். முன்பு முற்றம் மண், வேலி கிடுகு. இப்போது முற்றத்துக்குக் கல் பதித்து, மதில் எழுப்பி, விழும் மழை முழுவதையும் வீதிக்கு விடுகிறோம். வீதியோ தார்க் காப்பெற் மேல் காப்பெற் போட்டுப் பல இடங்களில் வளவை விட உயர்ந்துவிட்டது. கல்யாண மண்டபம், விடுதி, வாகனத் தரிப்பிடத்தோடு கூடிய கடைத்தொகுதி ஆகியவற்றின் கூரையில் விழும் நீர் கடைசியில் தேங்குவது பொம்மைவெளியில் ஒரு கூலித்தொழிலாளியின் வீட்டுக்குள். தண்ணீரை அனுப்புகிறவர் கட்டணம் கட்டட்டும் என்பது கொடுமையான கோரிக்கை அல்ல.

தொகையைச் சும்மா ஒரு கணக்காகப் பார்ப்போம். 2012 குடிசன மதிப்பீட்டில் மாநகரின் சனத்தொகை 88,000 அளவில். வரி கட்டக்கூடிய வளவும் கடையும் சேர்ந்து 20,000 என்று வைத்துக்கொண்டு, சராசரியாக மாதம் 200 ரூபா என்றால் ஆண்டுக்கு 4 கோடியே 80 இலட்சம். பெரிய கட்டடங்களின் சொந்தக்காரர் ஆயிரக்கணக்கான ரூபா செலுத்தினால் சிறிய வீட்டுக்கு 50, 60 ரூபாவே போதும். அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறும் குடும்பங்களுக்கு முழு விலக்குக் கொடுக்கலாம். உலக வங்கியின் அந்த 1,650 கோடியோடு ஒப்பிட்டால் இது 340 ஆண்டு வசூல். சிரிப்பு வரலாம். ஆனால் பாருங்கள், கான் துப்புரவுக்கு ஒரு நிரந்தரக் குழு, ஒரு சிறிய அகழும் இயந்திரம், இரண்டு மூன்று லொறி, உடைந்த மூடிகளை மாற்ற வார்ப்புக் கல் எல்லாவற்றையும் ஆண்டு முழுவதும் ஓட்ட இந்தத் தொகை பெரிய உதவி. அது ஜனவரியிலேயே கையில் இருக்கும் என்பதுதான் முக்கியம். ஜனவரி 31க்கு முன்னர் முழு ஆண்டுச் சோலைவரியையும் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு என்பதால் பலர் அப்போதே கட்டுகிறார்கள். கட்டணத்தையும் அதே சிட்டையில் சேர்த்தால், மாசி மாதம் வேலை தொடங்கலாம்.

எதிர்ப்பு வரும். தேர்தலில் நின்று வென்ற உறுப்பினர் எவரும் புது வரிக்குக் கை உயர்த்தத் தயங்குவார். விலைவாசியால் நொந்த சனத்திடம் இன்னும் கேட்பதா என்பார்கள். அதற்கு விடை, கணக்கைத் திறந்து வைப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வட்டாரம் வாரியாக, எவ்வளவு சேர்ந்தது, எந்த ஒழுங்கையின் கான் எந்தத் திகதியில் துப்புரவானது, எத்தனை லொறி மண் போனது என்று சபை வாசலிலும் சனசமூக நிலையங்களிலும் ஒட்டவேண்டும். முதல் ஆண்டில் மிகத் தாழ்ந்த பகுதிகளில் வேலை நடந்து, அடுத்த மாரியில் அங்கே தண்ணீர் ஒரு நாள் முன்னதாக வடிந்தாலே பேச்சு மாறும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்தால், அவர்கள் இணையத்தில் கட்ட வழி செய்து கொடுக்கவேண்டும். கட்ட மனம் இருந்தும் வழி தெரியாமல் நிலுவை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

உள்நாட்டுச் சிறு கடன்

உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம் என்று ஒன்று 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கி இன்றும் இயங்குகிறது. வேலை, உள்ளூராட்சி சபைகளுக்குக் கடன் கொடுப்பது. சபைகள் தம் விருப்பத்துக்குக் கடன் எடுக்க முடியாது, மேலிட அனுமதி வேண்டும், திருப்பிக் கட்டும் வருமானத்தைக் காட்டவேண்டும். இங்கேதான் தனிக் கட்டணம் இரண்டாவது முறை உதவுகிறது. ஆண்டுக்கு 4 கோடியே 80 இலட்சம் வருகிறது என்றால், அதில் 3 கோடியைத் துப்புரவுக்கு வைத்து மிச்சத்தைத் தவணைக்கு ஒதுக்கலாம். இயந்திரம், இடிந்த மதகுகள், அடைபட்ட கடல்வாய்கள் ஆகிய நடுத்தர வேலைகளுக்கு இந்தக் கடன் பொருந்தும். ரூபாவில் எடுப்பதால் டொலர் ஏறினாலும் தவணை ஏறாது. வருமானம் இல்லாமல் கடன் மட்டும் எடுத்தால், பிறகு ஊழியர் சம்பளத்தில் கைவைக்க நேரும். ஆகவே கட்டணம் முதலில், கடன் அதன் பிறகு.

புலம்பெயர்ந்தோரின் கொடை

ஆரியகுளம் 2021இல் அறக்கட்டளை ஒன்றின் கொடையில் புதுப்பொலிவு பெற்றது. கோயில், பாடசாலை, நூலகம் என்று வெளிநாட்டு உறவுகள் இந்த மண்ணுக்குச் செய்தது கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் கானுக்குக் கொடை கேட்பது கடினம். நிலத்துக்குக் கீழே ஓடுகிற ஒன்றுக்குத் திறப்புவிழா இல்லை. எனவே கொடையைக் குளங்களுக்குத் திருப்புவது பொருத்தம். கரை கட்டி இருக்கை போடுவதோடு நிற்காமல், எல்லையை அளந்து கல் நாட்டி, வரத்து வாய்க்காலையும் மிகைநீர் வழியும் கலிங்கையும் திறந்து விடுவது வரை அந்தக் கொடை போகவேண்டும். வரத்து வாய்க்கால் அடைபட்ட குளம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வெள்ளத்துக்கு உதவாது. கொடையில் ஒரு பங்கை நிலையான வைப்பில் இட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒருமுறை தூர்வாரும்படி பத்திரத்தில் எழுதினால் இன்னும் நல்லம். பழைய மாணவர் சங்கங்கள் புலமைப்பரிசில் நிதியை இப்படித்தான் நடத்துகின்றன, ஆகவே முறை எங்களுக்குப் புதிதல்ல.

என் தெரிவு

அடுத்த பாதீட்டில் முதலில் வரவேண்டியது தனிக் கட்டணமும் தனிக் கணக்கும். அதை ஈடாகக் காட்டி உள்நாட்டுக் கடன் எடுத்து, மதகுகளையும் கடல்வாய்களையும் திருத்தவேண்டும். குளங்களுக்குக் கொடை. பெரிய வெளிநாட்டுக் கடனுக்கு இப்போதே மட்ட அளவீடும் திட்ட வரைபும் தயாரித்து வைத்திருக்கலாம். அரச ஒதுக்கீட்டில் கிடைக்கும் சிறு தொகைகளை இந்த அளவீட்டுக்குச் செலவழித்தால் அதுவே பெரும் பயன். தயாரான திட்டத்தோடு போகும் நகரின் முறை முன்னே வரும்.

இதற்கு முன்னர் தீர்க்கவேண்டிய ஒன்று, கான் யாருடையது என்ற கேள்வி. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம், சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்திடம், ஒழுங்கைகள் மாநகரசபையிடம். தண்ணீர் இந்த எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. ஒழுங்கைக் கானைச் சபை துப்புரவாக்கி, அது போய்ச் சேரும் கண்டி வீதிக் கான் அடைபட்டிருந்தால், செலவழித்த காசு அந்தச் சந்தியில் நின்றுவிடும். மூன்று தரப்பும் ஒரு உடன்பாடு எழுதி, முழு நகரின் கான் துப்புரவையும் சபையிடம் கொடுத்து, தத்தமது வீதி நீளத்துக்கு ஏற்ற தொகையை ஆண்டு தொடக்கத்தில் அந்தத் தனிக் கணக்கில் வைப்பிலிட வேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒரு தீர்மானமாகக் கொண்டுவரக்கூடிய விடயம் இது. புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தை மாதக் கூட்டத்திலேயே எடுக்கலாம்.